கதவைப் பிடித்திருந்த கம்பி

எங்கள் காரின் இடது முன்கதவு சாத்துவதற்கு அடம்பிடிக்கத் தொடங்கியது மார்கழியில். மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது தையில். என் கணவர் எஞ்சினுக்கு மேலே குறுக்குக் கம்பி மாட்டிக்கொண்டு வந்தது சித்திரையில். வளைகாப்பு ஆனியில். இந்த வரிசையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இன்றுவரை இதை மாற்றித்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக வரலாறு நடத்துகிறவள் நான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதைக் குழப்பிவிட்டால் எதை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் காரணமாகக் காட்டலாம். பெரிய மனிதர்கள் பலர் அப்படித்தான் பெரிய மனிதர்களானார்கள்.

என் கணவர் உப்பளக் குத்தகைக்காரர். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் தண்ணீர் நிற்கும். குத்தகைக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பு சீட்டாடினார்கள், தோற்றவனாவது சீக்கிரம் எழுந்து போவான். இப்போது ஆளுக்கொரு கைபேசி. என் கணவர் சென்ற மழைக்காலம் முழுவதும் கார் வீடியோ பார்த்தார். தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்ட பையன்கள் காலி மைதானத்தில் வட்டமடித்துவிட்டு, இறங்கி வந்து, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பார்கள். உள்ளங்கை அளவு திரையில் என்ன வித்தியாசம் தெரியும் என்பது எனக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். பழைய காலத்துக் கார்களுக்கு அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருந்தது; உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இப்போதைய சின்னக் கார்களில் தனிச் சட்டம் இல்லை. அழுத்தி மடித்துப் பற்றவைத்த தகட்டு உடம்பேதான் சட்டம். வளைவில் திரும்பும்போது அந்த உடம்பு மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளுமாம். முன்சக்கரத்து ஷாக் அப்சார்பர்கள் மேலே வந்து முட்டுகிற இரண்டு மேடைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் முறுக்கம் குறையும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும் என்பது வாதம். நானும் தேடிப் படித்துப் பார்த்தேன். வாதத்தில் பிழையில்லை. பந்தயக் காருக்கு, பந்தய டயருக்கு, பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு அது பொருந்தும். உப்பு மூட்டையும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற வண்டிக்கு அந்த மயிரிழை இருந்தால் என்ன, போனால் என்ன?

கோட்டக்குப்பத்தைத் தாண்டி இருக்கிற ஒரு உதிரி பாகக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். வானூரில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் மகளை எங்கள் காரில்தான் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் விளக்கமாகச் சொன்னார்.

"பார் போட்டுட்டீங்கன்னா வண்டி அலுங்கவே அலுங்காது சார்," என்றார் கடைக்காரர். கம்பிக்கு அவர்கள் பாஷையில் 'பார்' என்று பெயர். "மாசமா இருக்கிறவங்கள தாராளமா கூட்டினு வரலாம்."

"இது போட்டா வண்டி இறுகுமா, மெத்துனு ஆவுமாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தாங்க மேடம்."

இறுக்கமும் மென்மையும் ஒரே இரும்பில் கிடைக்கிற கடையை அன்றுதான் பார்த்தேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கேட்டுக்கொண்டாயா என்பதுபோல. முன்னால் ஒன்று, பின்னால் டிக்கிக்குள் ஒன்று, இரண்டு சிவப்புக் கம்பிகளோடு வீடு திரும்பினோம்.

அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அடுத்த அளத்துக் குத்தகைக்காரர். இவரை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். எந்த மடமையையும் இரண்டாவது ஆளாக நின்று ஆதரிப்பது அவர் பிறவிக் கடமை. மறுநாளே அவரை ஏற்றிக்கொண்டு என் கணவர் கழுவெளி ஏரிப் பக்கத்து வளைவில் இரண்டு தடவை போய்வந்தார்.

"ரயிலு மாதிரி போவுது மச்சான்," என்றார் சிநேகிதர்.

"சொன்னேனில்ல? ரோட்ட கவ்விக்கினு போவுது."

அதிலிருந்து அந்த வளைவில் என் கணவர் பிரேக்கில் கால் வைப்பதை நிறுத்திக்கொண்டார். கம்பியால் உண்மையில் கூடியது அவருடைய வேகம் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன். வண்டி முன்னைவிட நன்றாகத் திரும்புவதாக அவர் சொல்லும்போதெல்லாம் நான் கதவைப் பற்றிப் பேசினேன். கம்பி போட்ட பிறகு கதவு கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனாலும் தூக்கி அடித்தால்தான் சாத்திக்கொண்டது.

"கீல் பிரச்சினைம்மா அது. எண்ணெ விட்டா சரியாப் பூடும்," என்பார். எண்ணெயும் விடவில்லை.

வைகாசியில் வளைகாப்புக்கான பாத்திரங்களை வாங்கி வர டிக்கியில் இடம் வேண்டியிருந்தது. பின்கம்பி குறுக்கே நின்றது. நான்கே நட்டு. நானே ஸ்பானரால் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒளித்துவைக்கும் எண்ணம் அப்போது இல்லை. அவர் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அதன் பிறகுதான் எனக்கு ஆர்வம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சிநேகிதரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி பாரு உடனே செட்டாயிட்சி. பின்னாடி பாரு இப்பதான் மச்சான் செட்டாவுது. இந்த வாரம் பின்பக்கம் எப்படி ஒட்டினு வருது தெரியுமா?"

"ஆமா மச்சான், நானே சொல்லணும்னு இருந்தேன்."

நான் உள்ளே போய்க் கம்பியை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். "இது கட்டிலுக்கு அடியில செட்டாயிருக்குதுங்க. பாத்திரம் வாங்கப் போன அன்னிக்கே கழட்டிட்டேன்."

சிநேகிதர் கம்பியைப் பார்த்தார், பிறகு டிக்கியைப் பார்த்தார். "டீ இருக்குதா தங்கச்சி?" என்று கேட்டார்.

என் கணவர் அசரவில்லை. "கழட்டினாலும் போட்ட எஃபெக்ட் கொஞ்ச நாளைக்கு நிக்கும்," என்றார். மாத்திரையைப் பற்றிப் பேசுவதுபோல.

அத்தோடு இந்தக் கம்பிகளைப் பற்றிய என் ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்தேன். இரண்டும் வெறும் ஏமாற்று. ஒன்று நிரூபணமாகிவிட்டது, மற்றதையும் அப்படியே தள்ளிவிடலாம். ஆனால் ஆனி பிறந்ததும் முன்கம்பியின் சிவப்பில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்தது. எங்கள் ஊர்க் காற்றுக்குத் துருப்பிடிக்காத இரும்பு என்று எதுவும் கிடையாது. இது கடைக்காரரின் சொற்பொழிவில் இடம்பெறவில்லை. பெயிண்ட் அடிப்பதற்காக என் கணவர் அதைக் கழற்றினார். அன்று மாலை இருவரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம்.

வண்டி மாறியிருந்தது. சொல்லப் பிடிக்கவில்லைதான், ஆனால் மாறியிருந்தது. ஸ்டியரிங் இடதும் வலதுமாக அலைந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் என் காலுக்கு முன்னால் எங்கோ இரும்பு 'டொக்' என்றது. கழுவெளி வளைவில் என் பக்கத்துக் கதவு விரலளவு விலகி, வெளிச்சம் தெரிந்து, பின் தானே சேர்ந்துகொண்டது.

வளைவைத் தாண்டி என் கணவர் வண்டியை ஓரங்கட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை மகளின் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"இப்ப என்னா சொல்றீங்க டீச்சரம்மா? பாரு இல்லன்னா வண்டி எப்படி இருக்குதுன்னு பாத்தியா? கதவைக்கூட பாருதான் புடிச்சினு இருந்திருக்குது."

பின்கம்பி பொய். முன்கம்பி உண்மை. அந்த உண்மைதான் எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் இந்த வண்டியை வாங்கி ஓட்டிய ஆரம்ப வருடங்களில் கம்பி என்று ஒன்று இல்லவே இல்லை. அப்போது இதே வளைவில் இதே ஸ்டியரிங் ஒழுங்காகத்தான் திரும்பியது. கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும். மார்கழியில் கதவு கெட்டது. சித்திரையில் கம்பி வந்தது. நல்ல வண்டியைக் கம்பி மேலும் நல்லதாக்கவில்லை. கெட்டுப்போன வண்டி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"கதவை ஒரு கம்பி புடிச்சினு இருக்கணும்னா, வண்டியோட உடம்பு எதைப் புடிச்சினு இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"இதான் உங்கிட்ட. நல்லது ஒண்ணு சொன்னா உடனே கேள்வி."

வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறக்கச் சொன்னேன். கம்பியின் பாதத் தகடு உட்கார்ந்திருந்த இடது மேடையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். அப்பளத்தில் குத்தியதுபோல் இறங்கியது. வெளியே இழுத்தபோது பழுப்புப் பொருக்கு கூடவே வந்தது.

காரணம் தேட வேண்டியதில்லை. உப்பளக் கரையில் தினமும் இந்த வண்டியை ஓட்டுகிறார். முன்சக்கரம் வாரி அடிக்கிற உப்புச் சேறு மேடைக்கு அடியில் போய் அப்பிக்கொண்டு காயாமலே கிடக்கும். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லாத தொழில் அவருடையது; அளத்து மோட்டாரை வருடா வருடம் மாற்றுகிறவர். ஆனாலும் வாராவாரம் ஷாம்பு போட்டு வெளிப்பக்கத்தை மட்டும் குளிப்பாட்டினார். வெளியில் தெரிகிற இடம்தானே வண்டி.

குத்திய துளையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்குத்தான் பாரு போட்டிருக்கோமில்ல," என்றார்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த சிநேகிதர் குனிந்து பார்த்தார். "தங்கச்சி சொல்றதிலயும் ஒரு இது இருக்குது மச்சான். கீழ ஒரு பாரு போட்டுட்டா சரியாயிடும்."

"பொண்ணு இந்த வண்டியில வரமாட்டா," என்றேன். "வேன் சொல்லிடலாம்."

"சம்பந்தி வூட்டு வாசல்ல வாடகை வண்டியில போய் எறங்கறதா? என் மானம் என்னாவறது?"

ஏழு மாத வயிற்றோடு வருகிற பெண் ஒருபுறம், அவருடைய மானம் ஒருபுறம். அவர் நிஜமாகவே இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நானே வேன் பேசினேன். அவர் தன் பங்குக்குக் கம்பிக்குப் புதுச் சிவப்பு அடித்து, நான் குத்திய அதே இடத்தின் மேல் திரும்ப முறுக்கிவிட்டார்.

வளைகாப்பன்று உறவுக்காரர்கள் எல்லோரும் வேனில் போனோம். கலவைச் சாதங்களை ஏற்றிக்கொண்டு அவர் தன் காரில் பின்னால் வந்தார். சடங்கு நல்லபடியாக முடிந்தது. கிளம்பும் நேரம், வேனின் படியைச் சுட்டி, "சொந்த வண்டி இருக்கச்சொல்ல எதுக்கு சம்பந்தியம்மா இது?" என்று மகளின் மாமியார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் காரின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகள் போய் ஏறி உட்கார்ந்தாள். முழங்கைவரை கண்ணாடி வளையல். துரு விஷயத்தை நான் போனிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். "அப்பா ஆசையா இருக்காரும்மா," என்பதுதான் அவள் பதிலாக இருந்தது.

கதவை இழுத்தாள். இடித்துத் திரும்பி வந்தது. இன்னொரு தரம் இழுத்தாள். மறுபடியும் வந்தது.

"இது ஏம்ப்பா சாத்த மாட்டேங்குது?"

"தூக்கி அடிம்மா. நல்லா ஓங்கி."

அவள் கையை ஓங்கினாள். மாமியார் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐய, வளையல் ஒடஞ்சிடப் போவுது. இன்னிக்கி போட்ட வளையலும்மா. எறங்கு நீ, எறங்கு."

மகள் இறங்கினாள். கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். கண்ணாடி வளையல் உடைந்தால் ஆகாது. தகடு உடைந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கியதைக் கண்ணால் பார்த்தும் அசையாத என் கணவர், இந்தக் காரணத்தை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார். "ஆமாம்மா, வளையலு முக்கியம். நீ வேன்லயே வா," என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் கதை அப்படித்தான். வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. வளையலுக்காகப் பெண் வேனில் வந்தாள். சிநேகிதர் சாட்சி.

வேனில் என் தோளில் சாய்ந்து மகள் தூங்கிவிட்டாள். கழுவெளி வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தபோது நான் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கார் எங்களைவிட மெதுவாக வந்துகொண்டிருந்தது. சித்திரைக்குப் பிறகு அந்த வளைவில் அவர் பிரேக் போட்டு நான் பார்த்தது அன்றுதான். தோள் துண்டால் இடது கதவின் கைப்பிடியைச் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

வீட்டு வாசலில் வந்து நிறுத்தி, துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மீந்த புளிசாதத் தூக்கை என்னிடம் நீட்டினார்.

"ஒரு பருக்க சிந்தல பாரு," என்றார்.

தூக்கை வாங்கிக்கொண்டு, மகளை முன்னால் விட்டு, நான் உள்ளே போனேன்.