முடி தெரியாத வெளிச்சம்

பட்டப்பகலில் டார்ச் லைட் அடித்துப் பார்ப்பதுதான் அமிர்தத்தின் வேலை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங். சூளையிலிருந்து வந்து ஆறிய கட்டையைக் கையில் எடுத்ததும் இன்னொரு கட்டையால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே விரிசல். அதற்குப் பிறகுதான் டார்ச். திருகாணி ஓட்டைக்குள்ளும், கம்பி போகிற பள்ளத்திலும் அடித்துப் பார்க்க வேண்டும். மேல்பூச்சில் மட்டும் ஓடுகிற மெல்லிய கீறல் தட்டினால் சொல்லாது, பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பேட்டையில் பேர் 'முடி'. வெள்ளைப் பீங்கானில் யாரோ தலைமுடி ஒன்றை உதிர்த்துவிட்டுப் போனது போலத்தான் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் முழுக்க அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

முடி விழுந்த கட்டையில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். அதைத் தொடுகிறவன் கை போகும், ஆளே போனாலும் போவான். அதனால் செக்கிங் பெஞ்சில் கம்பெனி எல்லாரையும் உட்கார வைக்காது. ஜன்னலோரம் இருந்த அந்தப் பெஞ்சில் இரண்டே பேருக்குத்தான் இடம். ஒன்று அமிர்தம், இன்னொன்று வேல்விழி. மற்றப் பெண்களெல்லாம் மண் சுமப்பது, சூளையில் அடுக்குவது. அமிர்தமும் எட்டு வருஷம் மண் சுமந்து, இரண்டு முட்டியும் தேய்ந்த பிறகுதான் அந்தப் பெஞ்சுக்கு ஏறினாள். அங்கிருந்து இறக்கினால் அவளால் மறுபடி சுமக்க முடியாது, நேராக வீடுதான். இது அவளுக்கும் தெரியும், சூப்பர்வைசர் தங்கதுரைக்கும் தெரியும்.

பெஞ்சு கிடைத்த அன்று அவள் புருஷன் சாமிக்கண்ணு மூன்று செல் போடுகிற எவர்சில்வர் டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜங்ஷன் ரோட்டில் அவருக்கு ஒரு தகரக் கடை. டார்ச், ரேடியோ, மிக்ஸி ரிப்பேர். கம்பெனி கொடுக்கிற டார்ச் அவருக்கு டார்ச்சாகவே தெரியாது.

இரண்டாயிரத்து ஆறில், பொங்கல் கழிந்து, வெளிச்சம் பத்தவில்லை என்று அமிர்தம் முதல்முறையாகச் சொன்னாள். அவர் செல்லை மாற்றினார். ஒரு மாதம் போல ஓடியது. மறுபடி சொன்னபோது பல்பை மாற்றினார். ஸ்பிரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தைப் பஞ்சால் துடைத்தார். ஸ்விட்சு தேய்ந்திருக்கும் என்று நினைத்து அதையும் பிரித்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் சுவரில் அடித்துப் பார்த்து, இப்போது பரவாயில்லை என்பாள். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

சைனா லைட்டு ஊருக்குள் வர ஆரம்பித்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டில் தார்ப்பாய் விரித்துக் குவியலாகப் போட்டு விற்றார்கள். மகன் விருத்தகிரி பாண்டிச்சேரியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்தான், மாதம் ஒருமுறை வருவான். அந்தத் தடவை அம்மாவுக்கு ஒரு எல்இடி டார்ச் வாங்கி வந்திருந்தான். சாமிக்கண்ணு அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இன்னாடா இது, சோப்பு டப்பா மாதிரி இருக்குது."

"வெளிச்சத்தப் பாருப்பா. உன்னோடது மஞ்சக்காமால வந்த மாதிரி எரியுது."

"கீழ வுழுந்தா அள்ளித்தான் எடுக்கணும். ரிப்பேருன்னு வந்தா எங்க பிரிப்ப? ஒரு ஸ்குரு இருக்குதா இதுல?"

"ரிப்பேரு பண்ண வேணாம், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். அதுக்குத்தான் ஸ்குரு இல்ல."

ரிப்பேர் கடைக்காரரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. சாமிக்கண்ணு இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. அந்த வெளிச்சம் மட்டும் மனசில் தங்கிவிட்டது. அடுத்த வாரம் பாண்டிக்கு பஸ் ஏறி ஐந்து எல்இடி வாங்கி வந்தார். வட்டமாக வெட்டிய தகட்டில் அவற்றைச் சொருகி, ஈயம் வைத்து, பழைய டார்ச்சில் பல்பு இருந்த இடத்தில் உட்கார வைத்தார். உடம்பு பழசு, வெளிச்சம் புதுசு. செல் மாற்றாமல் ஒரு வருஷம் எரியும் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் அடித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் தங்கள் பழைய டார்ச்சையும் கொடுத்து மாற்றிக்கொண்டு போனார்கள்.

அமிர்தத்துக்கு அது ஆறு வாரம் தாங்கியது.

பிறகு அவள் சொல்லவில்லை. எத்தனை தடவைதான் அந்த மனுஷனைப் பிரித்து மாட்டச் சொல்வது என்றிருந்தது. டார்ச் அடித்தால் கட்டை வெள்ளையாகத் தெரிந்தது, ஆனால் வெறும் வெள்ளை. ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து, அதை மூடிக் கசக்கிக்கொண்டே பார்த்தபோது, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் பாதி இல்லை. சூளைத் தூசி என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை.

வேலையைக் காதால் செய்யத் தொடங்கினாள். ஒரு தட்டு தட்டிய இடத்தில் மூன்று தட்டு. டார்ச்சை வழக்கம்போல ஓட்டையில் அடிப்பாள், பள்ளத்தில் ஓட்டுவாள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பார்ப்பது போலவே இருக்கும். நல்ல கட்டையில் நீல மையில் ஒரு புள்ளி வைத்துப் பெட்டியில் போடுவாள். நீலப் புள்ளி அவளுடையது, வேல்விழியினுடையது சிவப்பு.

வீட்டில் ஒருநாள் விருத்தகிரியின் தட்டில் நீளமாக ஒரு முடி கிடந்தது. அவன் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"ஊருல இருக்குற முடியெல்லாம் கண்டுபுடிக்கிற. வூட்டு முடி தெரியலியாம்மா?"

அடுப்பாண்ட லைட்டு சரியில்லை என்று அமிர்தம் சொன்னாள். சாமிக்கண்ணு மறுநாளே அடுப்படியில் புது டியூப் லைட் மாட்டினார். அவர் தட்டிலும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை முடி கிடந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதம், வாங்கியவர்களிடமிருந்து ஆறு பெட்டி திரும்பி வந்தது. தங்கதுரை கொட்டச் சொன்னார். எல்லாம் நீலப் புள்ளி. வேல்விழி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். எல்லாமே கணீர். டார்ச் அடித்தாள். பத்துக்கு மூன்றில் முடி. காதுக்கு அகப்படுகிறது ஒன்றுகூடத் தப்பவில்லை, கண்ணுக்கு அகப்படுகிறது மட்டும் தப்பியிருக்கிறது. வேல்விழிக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

என்ன அக்கா இது என்று தங்கதுரை கேட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. பதினொரு வருஷத்தில் அமிர்தத்தின் பெட்டி ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அவள் பெஞ்சைப் பார்த்தாள், கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தாள். லைட்டுதான் என்று சொன்னாள். வீட்டுக்காரர் எதையோ மாற்றி வைத்திருக்கிறார், வெள்ளை மேல் வெள்ளையாக விழுகிறது, முடி தெரிய மாட்டேனென்கிறது என்றாள்.

தங்கதுரைக்கு அது நியாயமாகப் பட்டது. ரிப்பேர்காரர் கைவைத்த சாமானை நம்பி பெட்டி பெட்டியாகக் கட்டையைத் தள்ளியிருக்கிறோமே என்று முதலாளியிடம் சொல்லி, பெஞ்சுக்கு இரண்டு புது எல்இடி டார்ச் வாங்க வைத்தார். போகிற வழியில் டீக்கடையிலும் சொன்னார். டீக்கடை ஜங்ஷன் ரோட்டில் இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு சாமிக்கண்ணு சைக்கிளில் கம்பெனிக்கு வந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் நூற்றைம்பது டார்ச்சுக்கு மேல் எல்இடி மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் கைவைத்த லைட்டில் தெரியவில்லை என்ற பேச்சு இரண்டு நாள் ஓடினால் கடையை மூட வேண்டியதுதான்.

"தம்பி, என் லைட்டு மேல பழியப் போடாதீங்க. உங்க புது லைட்டையும் எடுத்தாங்க, என்னோடதையும் வைங்க. அதே கட்டைய ரெண்டுலயும் அடிச்சிப் பார்த்துடலாம்."

அமிர்தம் பெஞ்சிலிருந்து எழுந்து, போங்க நீங்க, வூட்டுல பேசிக்கலாம் என்றாள். அவள் தன்மேல் கோபமாக இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். பழி விழுந்தது தன் லைட்டு மேல், கோபப்பட வேண்டியவர் தான் அல்லவா என்றும் அவருக்கு இருந்தது.

தங்கதுரை திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஐந்து கட்டையை எடுத்து வரிசையாக வைத்தார். நான் போய்க் கழிசல் கூடையைக் கொட்டிட்டு வரேன் என்று வேல்விழி எழுந்தாள். இரும்மா, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும் என்று அவர் உட்கார வைத்தார். முதலில் புது டார்ச். அமிர்தம் அடித்துப் பார்த்தாள். முதல் கட்டை நல்லது என்றாள். இரண்டாவதும். மூன்றாவதைத் தட்டப் போனாள், தட்ட வேண்டாம் அக்கா, பார்த்து மட்டும் சொல்லுங்க என்றார் தங்கதுரை. அவள் கட்டையை முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அது நல்லது, நாலாவதில் முடி இருக்கிறது, ஐந்தாவதும் நல்லது என்று முடித்தாள்.

"பார்த்தீங்களா, அஞ்சுல ஒண்ணுதான் தெரியுது. புது லைட்டுலயே இந்த லட்சணம்," என்று சாமிக்கண்ணு தன்னுடைய டார்ச்சை எடுத்தார். முதல் கட்டையைத் திருப்பி ஓட்டைக்குள் அடித்தார். பீங்கான் செக்கிங் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக மனைவி சொல்லக் கேட்டதுதான்.

"இதோ இருக்குதே. முடி. இவ்ளோ நீளத்துக்கு."

இரண்டாவதை எடுத்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதில் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை கறுப்பாக ஓடியது. புது டார்ச்சை வாங்கி அடித்தார், அதிலும் அப்படியே தெரிந்தது. அவள் முடி இருக்கிறது என்று சொன்ன நாலாவது கட்டையில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதை அவர் எடுக்கவில்லை. டார்ச் கையில் எரிந்துகொண்டே இருந்தது.

கண்ணாடி போடாத ஐம்பத்தெட்டு வயசு ஆள் அவர்.

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கதுரை கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திருப்பிப் போட்டார். நாளைக்கு லீவு போட்டுவிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்வரச் சொன்னார், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அந்தப் 'பிறகு' என்னவென்று அந்த இடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் வந்தார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னாண்ட வூட்டுலயே கேட்டிருக்கலாம் இல்ல," என்றாள் அமிர்தம்.

"கேட்டா என்னா சொல்லியிருப்ப?"

"தெரியலன்னுதான்."

லைட்டா, கண்ணா, எது தெரியலை என்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட் திறந்தது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் புரையாக இருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டு போனார்கள். புரை இல்லை. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பை அரித்திருந்தது. இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணில் ஓரங்கள் போய் நடுவில் கொஞ்சம் நிற்கிறது, போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுசு பூராவும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். இரண்டு வருஷமாக என்றார் சாமிக்கண்ணு.

"ரெண்டு வருஷமா? இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"லைட்ட மாத்துனோம்மா."

டாக்டர் அம்மாவுக்கு அது புரியவில்லை. அடுத்த சீட்டை எழுதப் போய்விட்டார்.

தங்கதுரை நல்லவர்தான். வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிற இடத்தில் போட்டுத் தருகிறேன் என்றார். அமிர்தம் பன்னிரண்டு நாள் போனாள். பதிமூன்றாம் நாள் இடது பக்கம் பெட்டிகள் அடுக்கியிருந்தது தெரியாமல் திரும்பி, தோள் இடித்து, ஆளுயரத்துக்கு இருந்த அடுக்கு சரிந்தது. உடைந்ததையெல்லாம் அவளே குனிந்து கைதடவிப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தாள். ஜன்னலோரத்தில் வேல்விழிக்குப் பக்கத்தில் அதற்குள் கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்து முடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு ஒருநாள் ஒரு அம்மா பழைய டார்ச்சைக் கொண்டுவந்து, வெளிச்சம் பத்தவில்லை, எல்இடி போட்டுக் கொடுங்கள் என்றாள். சாமிக்கண்ணு அதை அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் எரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலண்டரைப் பாரும்மா என்றார். நான் ரிப்பேருக்கு வந்தா நீ என்னைக் குருடியாக்குறியா என்று அவள் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். எதிர்க்கடையில் புதுசே வாங்கிக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது.

காலை ஆறு மணிக்கும் சாயந்திரம் ஆறு மணிக்கும் சொட்டு மருந்து. கரண்டு பெரும்பாலும் அந்த நேரத்தில் இருக்காது. சுவரோரம் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, எல்இடி போட்ட அந்தப் பழைய டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி அடித்துக்கொண்டு, அவர் இமையைப் பிரித்து ஒரு சொட்டு விடுவார். முதல் சொட்டு கன்னத்தில் போய்விடும்.

"வுட்டாச்சா?"

"வுட்டாச்சி."

"அப்ப அணைங்க. சும்மா எரியுது, செல்லு தீந்துடும்."

"இது தீராது," என்றார் அவர்.