கொப்புளித்த தண்ணீர்

எடைமேடைக்காரரை ஏமாற்றிவிட்டு ஒரு லாரியும் போனதில்லை. சரக்கு எடையைக் கூட்டிக் காட்ட சீட்டுக்கு அடியில் தண்ணீர் கேனை ஒளித்துவைக்கும் டிரைவர்களை, வண்டி மேடையில் ஏறும்போதே டயர் அமுங்குகிற அழகைப் பார்த்துப் பிடித்துவிடுவார். ஒருமுறை லாரி மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்ததாம். அது பறக்கிறவரை ரசீது போடமாட்டேன் என்று முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்தாராம். காக்கையும் விடாக்கண்டன் காக்கை. டிரைவர் கெஞ்சி, கிளீனர் கை தட்டி, கடைசியில் காக்கைக்கே பசி வந்து பறந்துபோன பிறகுதான் ரசீது. இதில் பாதி பொய்யாகவே இருக்கட்டும். மீதிப் பாதி போதும், மனுஷர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல.

அப்பேர்ப்பட்டவரின் ஒன்பது வயது மகளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் அவள் சுண்டெலி. இப்போது சுண்டெலியின் கண்ணிமை, வயிறு, கணுக்கால் எல்லாம் நீர் கோத்துக்கொண்டு, பழைய செருப்பு காலில் நுழையவில்லை. அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்ததால், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் அப்பாவுக்கு.

ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கியது. குடித்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். அவர் வேலை இன்னதென்று கேள்விப்பட்டதும் சிஸ்டர் பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"அப்பா, நாக்கு மேல ஒட்டிக்குது."

"இன்னும் ஒரு மணி நேரம்தாண்டா கண்ணு."

"ஒரு மணி நேரம்னா எத்தனை டம்ளர்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் சுண்டெலி புத்திசாலித்தனமாக ஒன்று கேட்டாள்.

"குடிக்கத்தானே கூடாது? வாய் கொப்புளிக்கலாம்ல?"

கொப்புளிக்கலாம் என்று சிஸ்டரே சொன்னாள். டம்ளர் நிறையத் தண்ணீரும் ஒரு கிண்ணமும் வந்தன. தண்ணீர் வாய்க்குள் போனது, கிண்ணத்துக்கு வரவில்லை. மகளின் தொண்டை ஏறி இறங்குவதை எடைமேடைக்காரர் பார்த்தார். பார்த்ததும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றிவைத்தார். எந்த டிரைவருக்கும் தோன்றாத தந்திரம், இருபது வருஷம் தந்திரம் பிடித்தவருக்குத் தோன்றியது. அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அன்று நாலு டம்ளர். மறுநாளும் நாலு.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் டாக்டரம்மா அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அறுநூறுக்கு மேல குடிக்கலை. ஆனா ரெண்டு நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கா. ரத்தத்துல உப்பு வேற இறங்குது. சிஸ்டர், இந்தக் கணக்கு சரிதானா?"

"சார் எழுதினது டாக்டர். ஒரு சொட்டு பிசகாது."

"அப்போ மருந்து கேக்கலை. சாயந்திரமே கழுத்துல குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சிடலாம். இதுல கையெழுத்துப் போடுங்க சார்."

எட்டு டம்ளர், ஆயிரத்து அறுநூறு. வேர்வைக்கு நூறு கழித்தால் ஒன்றரைக் கிலோ. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவர் மண்டைக்குள் கணக்கு போய் உட்கார்ந்துகொண்டது. கட்டிலில் இருந்து சுண்டெலி கண்ணை உருட்டி, இப்படியும் அப்படியும் தலையாட்டினாள். சொல்லிடாதே என்று அர்த்தம். சொன்னால் நாளைக்குக் கொப்புளிக்கத் தண்ணீர் வராது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் கழுத்தில் என்ன நுழையும் என்பது அவருக்கு மட்டும் உறைத்தது.

"டாக்டர், அந்த அட்டை பொய். நான்தான் குடிக்க விட்டேன். எட்டு டம்ளர்."

டாக்டரம்மா அட்டையைத் திரும்பக் கட்டில் காலில் மாட்டினார். பேசியபோது குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"இந்த அட்டையை நம்பி நான் உங்க குழந்தை கழுத்துல குத்தப் போனேன். இன்னும் ரெண்டு நாள் இப்படிக் குடிச்சிருந்தா மூளைக்குள்ள நீர் ஏறி வலிப்பு வந்திருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"நாளைக் காலை வரைக்கும் பொறுக்கிறேன். எடை இறங்கலைன்னா குழாய்தான்."

சிஸ்டர் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிச் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். சுண்டெலி சொன்னாள்.

"சிஸ்டர், அந்த ஆளை வெளியே போகச் சொல்லுங்க."

பெற்ற அப்பன் ஒரே மூச்சில் அந்த ஆளாகிவிட்டார். அந்த ஆள் வெளியே போகவில்லை. சாயந்திரம் முழுக்க அவள் கெஞ்சினாள், திட்டினாள், தலையணையை எறிந்தாள். "செத்துப்போயிடுவேன், அப்போ யாருக்குத் தண்ணி தரமாட்டேன்னு சொல்லுவே?" என்று கேட்டாள். அவர் தலையணையை எடுத்து எடுத்து வைத்தார். லாரிக்காரர்கள் இதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் வலித்ததில்லை.

காலையில் எடை பார்த்தார்கள். நானூறு கிராம் இறங்கியிருந்தது. அது மருந்து இறக்கியதா, வெறுமனே தண்ணீர் நின்றதால் இறங்கியதா என்பது அவருக்கும் தெரியவில்லை, டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

"இன்னிக்குக் குழாய் வேணாம். நாளையப் பத்தி இப்போ கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் இருபது மில்லி தண்ணீரை அவர் உறிஞ்சி எடுத்தார். சுண்டெலி சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். குடித்து முடித்ததும் சிஸ்டரிடம் சொன்னாள்:

"இருபது. நீங்களே எழுதுங்க சிஸ்டர். இந்த ஆள் எழுத வேணாம்."

சிஸ்டர் எழுதினாள். எடைமேடைக்காரர் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை அவள் உதட்டில் தட்டிவிட்டார்.