கழுதை நிற்கப் பழகிய காலம்

மன்னாரில் கம்பளி நூல் விற்கிற கடையில் எப்போதும் நான்கைந்து நிறங்கள்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைப்பணிப் பாடத்துக்கு வாங்குகிற சிவப்பு, பச்சை, மஞ்சள், வெளிறிப்போன ஒரு ரோசா. சாம்பல் நிறம் கேட்டால் கடைக்காரர், “அதை ஆர் வாங்கப் போகினம்?” என்பார். எனக்கோ சாம்பல்தான் வேண்டும். நான் கழுதை செய்யவேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் பேசாலையில் இருந்தோம். என் கணவர் கடலுக்குப் போகிறவர். அவருடைய தங்கை, என் மச்சாள், எங்களோடு இருந்தாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். கலியாணம் முடிந்த கொஞ்சக் காலத்தில் அவளுடைய புருசன் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே வதிவிடக் கடதாசி சரிவந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அது வருடக்கணக்காக இழுபட்டது. அவள் அதைப்பற்றி அதிகம் கதைக்கமாட்டாள். விடிந்தால் முற்றம் கூட்டுவாள், மீன் வெட்டுவாள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் வந்து குந்துவாள்.

மாதா கோவில் பீட விரிப்புகளுக்கு ஓரம் பின்னிப் பழகிய கை எனக்கு. மகள் அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளமாக வீட்டோடு கிடந்தபோது, அவளைச் சமாளிக்க மிச்ச நூலில் ஒரு முயல் பின்னிக் கொடுத்தேன். அந்தப் படத்தை முகநூலில் போட்டேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் அது வேண்டும் என்று எழுதினாள். தபால் கந்தோரில் விசாரித்தால், முயலைவிட முயலை அனுப்புகிற செலவு பெரிதாக இருந்தது. அதைச் சொன்னேன். “அப்படியென்றால் செய்முறையை எழுதித் தருவீர்களா, நானே பின்னுகிறேன்” என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது. பொம்மை எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும். அதைப் பின்னுகிற வழி மட்டும் விலைக்குக் கடல் கடந்து போகும்.

முதலில் எல்லாரையும்போல நானும் கரடி, முயல் என்றுதான் எழுதினேன். மச்சாள்தான் ஒருநாள் சொன்னாள்.

“கரடியை இஞ்ச ஆர் கண்டது? மன்னார் ரோட்டெல்லாம் நிக்கிற எங்கட கழுதையைச் செய்யுங்கோவன்.”

நூலுக்கு வழி காட்டியதும் அவள்தான். அவளுடைய புருசன் பிரான்சில் இருந்து தன் மச்சானுக்கென்று அனுப்பியிருந்த ஒரு சாம்பல் நிறச் சுவெட்டர், மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடந்தது. என் கணவரிடம் கேட்டேன். “இந்த வெக்கையில நான் அதைப் போட்டுக்கொண்டு எங்க போறது? எடுங்கோ” என்று சிரித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து அதை அவிழ்த்தோம். நான் இழுக்க அவள் சுற்றினாள். கழுத்தில் தொடங்கி கை, நெஞ்சு என்று ஒரு ஆளே எங்கள் நடுவில் கரைந்து போவதுபோல இருந்தது.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். நான் பின்னிப் பார்த்து, எத்தனையாம் சுற்றில் எத்தனை கண்ணி, எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று எழுதுவேன். வலைக்கும் கண்ணி, இதற்கும் கண்ணி என்பதால் முற்றத்தில் கிழிந்த வலை பொத்துகிற என் கணவரும் இடையிடையே புத்தி சொல்லுவார். விற்பதற்கு இங்கிலீசில் எழுதவேண்டும். மச்சாளுக்கு அது ஓடாது. அதனால் முதலில் தமிழில் எழுதி அவளிடம் கொடுப்பேன். அவள் என் பொம்மையைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் பார்த்துப் பின்னவேண்டும். அவளுக்கு விளங்கினால் உலகத்துக்கு விளங்கும் என்பது எங்கள் கணக்கு. விளங்காத இடத்தில், “மச்சாள், இதென்ன காது வயித்தில முளைக்குது?” என்று சத்தம் போடுவாள். நான் வெட்டித் திருத்துவேன்.

கழுதையின் செய்முறையை விற்பனைக்குப் போட்ட கொஞ்ச நாளில், அதை வாங்கிப் பின்னிய ஒரு பெண் படம் அனுப்பினாள். அவளுடைய கழுதை முகம் குப்புற விழுந்து கிடந்தது. எப்படி வைத்தாலும் விழுகிறது என்று எழுதியிருந்தாள். எங்களுடையதைச் சுவரோடு சாத்தியே வைத்திருந்ததால் எங்களுக்கு அது தெரியவில்லை. நடு மேசையில் வைத்துப் பார்த்தோம். அதுவும் விழுந்தது.

“வாங்கோ, போய்ப் பாப்பம்” என்றாள் மச்சாள்.

பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, வழக்கம்போல, நிழலுக்கு ஒதுங்கி நின்றன கழுதைகள். மச்சாள் சீலையைச் செருகிக்கொண்டு ஒன்றின் பக்கத்தில் குந்திவிட்டாள். ஓட்டோக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, கழுதை துலைஞ்சு போச்சோ?”

“இல்லைத் தம்பி, கால் பாக்க வந்தனாங்கள்.”

“கிட்டப் போகாதேங்கோ. அது காலைக் காட்டினா நீங்கள் ஆசுபத்திரிக்குத்தான் போகவேணும்.”

மச்சாள் சிரித்தாளே தவிர எழும்பவில்லை. பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குந்தவைத்தாள். “இஞ்ச பாருங்கோ. முன்னங்கால் கழுத்துக்கு நேர கீழ நிக்குது. நீங்கள் அதை வயித்தில கொண்டுபோய்த் தைச்சிருக்கிறீங்கள். தலையையும் குதிரை மாதிரி நிமித்தி விட்டிருக்கிறீங்கள். கழுதை எங்க நிமிந்து நிண்டது?”

வீட்டுக்கு வந்து கால்களை முன்னுக்குத் தள்ளினேன். கழுத்தில் பஞ்சைக் குறைத்துத் தலையைக் கொஞ்சம் தொங்கவிட்டேன். மேசை நடுவில் வைத்தோம். நின்றது. மகள் கை தட்டினாள். மச்சாள் மேசையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

திருத்திய செய்முறையை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் புதுக் கழுதையைப் பின்னி, பனி விழுகிற யன்னல் ஓரத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். “இது யாருக்கோ காத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது” என்று எழுதியிருந்தாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். மச்சாள் ஊசியை நூல் பந்தில் குத்தி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

“பஸ்சுக்கு நிக்குதெண்டு எழுதிவிடுங்கோ” என்றாள்.

அதன் பிறகு நாங்கள் பூநாரை செய்தோம், நண்டு செய்தோம், என் கணவர் கடல்பண்டி என்று சொல்கிற கடற்பசுவைச் செய்தோம். நாட்டில் காசில்லாமல் நூல் இறக்குமதி நின்று, மின்சாரமும் அடிக்கடி நின்ற அந்தக் கெட்ட காலத்தில், பழைய பொம்மைகளை அவிழ்த்துப் புதியவற்றைப் பின்னினோம். ஒரே நூல் முயலாக இருந்து ஆமையாகி, பிறகு திருக்கை மீனாகியிருக்கிறது. சாமான்களுக்கு வரிசையில் நின்று கால் கடுத்து வந்தாலும், பின்னேரம் யன்னல் வெளிச்சத்தில் இருந்து ஆளுக்கொரு காலைப் பின்னுவோம். அந்தப் பின்னேரங்களில் சிரித்ததுபோல நான் பிறகு சிரிக்கவில்லை.

கடற்பசுவின் வாலைப் பின்னிக்கொண்டு இருக்கும்போது அவளுக்கு விசா வந்தது. அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். நாங்கள் எல்லாரும் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனாலும் அவள் போன பிறகு வீடு எனக்குப் பொருந்தவில்லை. பழக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்குவேன். வாசிக்க ஆள் இல்லை என்பது பாதியில்தான் நினைவு வரும். பிறகு நேரே இங்கிலீசில் எழுதப் பழகிக்கொண்டேன். செய்முறைகள் இப்போதும் விற்கின்றன. பின்னிப் பார்த்துச் சொல்ல வேறு நாட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். பணிவாக எழுதுவார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை.

போன ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு அவள் வந்தாள். கூடவே பிரான்சில் பிறந்த அவளுடைய சின்னஞ்சிறு மகள். நான் புது நூல், ஊசி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள் ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். “அங்க கழுவித் துடைக்கிற துப்பரவு வேலை மச்சாள். விரல் மடங்குதில்லை” என்றாள். நான் அந்த விரல்களை எடுத்து என் மடியில் வைத்து எண்ணெய் தடவிவிட்டேன். பின்னேரம் முழுக்கக் கதைத்தோம்.

அவளுடைய மகள் அலுமாரியைத் திறந்து பொம்மைகளை எல்லாம் நிலத்தில் பரப்பினாள். ஒவ்வொன்றாய்த் தூக்கி பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். மச்சாள் என் மடியில் இருந்து கையை எடுக்காமலே, “அது நண்டு. அது திருக்கை. அது பூநாரை” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.