ஆனா டப்பா

அந்த மனுஷர் வாயிலிருந்து 'ஆனா' இல்லாமல் ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வந்ததாக டிப்போவில் ஒருத்தரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்கு, ஆனா பிரேக் பெடல் லேசா மெத்துன்னு இருக்கு என்பார். வானம் எப்படி என்றால், தெளிவா இருக்கு, ஆனா ஆறு மணிக்கு மூடிடும் என்பார். இவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்ட அன்றுகூட, 'சம்மதம்தான், ஆனா காலையில அஞ்சு மணிக்கெல்லாம் நான் வேலைக்குக் கிளம்பிடுவேன்' என்று சொன்ன ஆள். இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் கிடையாது. கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து எங்கே குறை என்று தேடுகிற கண் அது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் தேடுவதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பனிக்காலம் பிறந்தால் அந்தப் பள்ளியில் ரோபோ போட்டிக்கான வேலை ஆரம்பித்துவிடும். பத்து சனிக்கிழமை, பத்தாவது சனிக்கிழமை போட்டி. பின்கட்டில் இருக்கும் பட்டறையில் பன்னிரண்டு பிள்ளைகள் நாள் முழுக்கக் கம்பியும் சக்கரமுமாகக் கிடப்பார்கள். சாயங்காலம் அவர்களை வீடு சேர்ப்பது இவர் பொறுப்பு. அதுவரை வண்டியிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கம். இந்த வருஷம் குளிர் எலும்பைத் தொட்டதால், அந்த அணியைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் வந்து, 'அண்ணே, இங்கேயே விறைச்சுப் போயிடாதீங்க, உள்ள வாங்க' என்று கையோடு கூட்டிப்போய் ஹீட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

அங்கேதான் அவர் அந்த வழக்கத்தைப் பார்த்தார். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் மேஜையைச் சுற்றி நிற்க வேண்டும். அந்த வாரம் உருப்படியாக நடந்த ஒரே ஒரு காரியத்தை ஒவ்வொருத்தரும் சொல்ல வேண்டும். எவ்வளவு சின்னதானாலும் சரி. அதற்குப் பேரே 'உருப்படி' என்று ஆகிவிட்டது. அதில் ஒரு கட்டுப்பாடு: 'ஆனா' போடக் கூடாது. போன வருஷம் எல்லோரும், சக்கரம் சுத்துச்சு ஆனா தப்பான பக்கம் சுத்துச்சு, கை தூக்குச்சு ஆனா உடனே விழுந்துடுச்சு என்று சொல்லிச் சொல்லி, பாதி சீசனில் முகமெல்லாம் தொங்கிப்போய் இரண்டு பேர் அணியை விட்டே போய்விட்டார்களாம். அதனால் இந்த வருஷம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஆனா சொன்னால் ஒரு நட்டு உள்ளே போட வேண்டும். டப்பாவுக்குக் காவல் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நட்டு என்றே அவளைக் கூப்பிட்டார்கள். 'ஆ' என்று வாய் திறந்தாலே டப்பாவை நீட்டுவாள்; கொட்டாவி விட்டவனிடம்கூட நீட்டியிருக்கிறாள்.

முதல் சனிக்கிழமையே அவரையும் விடவில்லை. மாமா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்க என்றார்கள். இந்த வாரம் ஒரு நாள்கூட வண்டி லேட்டாகவில்லை என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். அடுத்த மூச்சில் ஆனா வந்தது, டப்பா நீண்டது. 'இல்லம்மா, ஆனா நான் சொல்ல வந்தது' என்றார். அதற்கு ஒன்று, அதை விளக்கப் போனதற்கு இன்னும் இரண்டு. சட்டைப்பையில் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். நாலாவது, பேருந்துச் சக்கரத்து நட்டு. அது ஓட்டையில் நுழையவே மாட்டேன் என்றது. பட்டறையே சிரித்தது. நட்டு அதை மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டினாள். அன்றிலிருந்து அவர் 'ஆனா மாமா'.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இருமலாக மாறிவிட்டது. மூக்கிலிருந்து நழுவிய குழாயைச் சரிசெய்து, முதுகை நீவி, அவள் அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வருகிற வியாதி. இலையுதிர் காலத்திலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. இந்தப் பனியைத் தாண்டிட்டா பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

'நம்ம வீட்டுலயும் ஒரு டப்பா வச்சுடலாங்க' என்றாள் மூச்சு திரும்பியதும். 'குறையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.' காலியான மாத்திரை டப்பா ஒன்றை எடுத்துத் தலையணை ஓரமாக வைத்துக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒரே பெண். ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பனிக்காலம் முழுக்க வகுப்பெடுக்கும் பயிற்சி, முடிவில் பரீட்சை. நடுவில் வந்தால் வருஷம் வீண். அப்படியிருந்தும் அவள் முதலிலேயே தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: அம்மாவுக்கு முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வருஷம் போனா போகுது, வந்துடறேன். ஞாயிறுதோறும் போன் செய்வாள். பேசினால் இருமல் வரும் என்பதால் அம்மா ஒரு வார்த்தையோடு போனைக் கொடுத்துவிடுவாள். மூக்கில் குழாயோடு பெண்ணுக்கு முகம் காட்டவும் மாட்டாள். மிச்சத்தை எல்லாம் அப்பாதான் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். உருப்படியை மட்டும் சொன்னார். அம்மா இன்னிக்கு ஜன்னல் வரைக்கும் நடந்தா என்றார். இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனதும் ஆனாவுக்கு அந்தப் பக்கம் இருந்த விஷயங்கள். அடுத்த வாரம், ஒரு கிண்ணம் சூப் முழுசாகக் குடித்தாள். அதற்கு முன் இரண்டு நாள் ஒன்றும் குடிக்கவில்லை. இன்னொரு வாரம், நன்றாகத் தூங்கினாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள். 'ஆ' என்று வாயெடுத்தாலே கட்டிலிலிருந்து மாத்திரை டப்பா கலகலக்கும். அவர் ஒரு நட்டைப் போடுவார். அவள் கண்ணால் சிரிப்பாள்.

பட்டறையிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் சக்கரங்கள் நாலும் ஒரே பக்கமாகச் சுற்றின. நாலாவது வாரம் இரும்புக் கை மேலே போனது. ஐந்தாவது வாரம் ஒரு கட்டையைப் பிடித்து ஆறு வினாடி வைத்திருந்தது. ஆறு வினாடிக்கு அந்தப் பிள்ளைகள் குதித்த குதியைப் பார்த்தால் வைரியும் சிரித்துவிடுவான். இவரும் கை தட்டினார். குறையைச் சொல்லாமல் விட்டால் குறையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும்போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இத்தனை வயசுக்குப் பிறகு அப்படி ஒரு நினைப்பு. சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார், பாவம்.

ஏழாவது வாரம் டாக்டர் மெஷினில் அளவைக் கூட்டிவிட்டு, அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், நெருங்கினவங்க யாராவது வரணும்னா வரச் சொல்லிடுங்க என்றார். அவர் தலையாட்டினார். காது கேட்டது, மனசு ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது சொல்லிவிடுவதென்றுதான் எடுத்தார். 'அம்மா பரவாயில்லம்மா, ஆ...' என்று ஆரம்பித்தும் விட்டார். கட்டிலில் மாத்திரை டப்பா லேசாகக் கலகலத்தது. திரும்பிப் பார்த்தார். அவள் கை டப்பாவின் மேல் இருந்தது. விளையாட்டுக்கு ஆட்டினாளா, சொல்லாதீங்க என்று ஆட்டினாளா, இல்லை கை நடுங்கித் தானாக ஆடியதா, அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவர் வார்த்தையை மடக்கிக்கொண்டார்.

'இன்னிக்கு அவளே தலை சீவிக்கிட்டா' என்றார்.

அந்தப் பக்கம் பெண் பெருமூச்சு விட்டாள். அப்ப பரீட்சையை முடிச்சுட்டே வர்றேன்பா, இன்னும் பதினெட்டே நாள்தான் என்றாள். அவர் போனை வைத்ததும் மனைவி, 'எப்ப வர்றாளாம்?' என்று கேட்டாள். பதினெட்டு நாளில் என்றார். அவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். இரண்டு கை விரலும் தீர்ந்துபோனது. 'சரி' என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்த நேரத்தில் அவள் கண்ணே திறக்கவில்லை. டப்பாவும் ஆடவில்லை. நல்லாத் தூங்கறா என்று இவர்தான் சொன்னார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டுக் காலை டிரிப்புக்குப் போனார். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்குத் தெரு முனை திரும்பியபோது, அந்தக் குளிரில் மேலே ஒரு சால்வைகூட இல்லாமல் பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புரிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினார். கியரை விடுவித்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார், சாவியை எடுத்தார், கண்ணாடியை ஏற்றினார். ஒவ்வொன்றாக, நிதானமாக. உள்ளே போகும் நேரத்தைத் தள்ளிப்போட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பெண் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். மெஷினை அணைத்தாள், படுக்கையை மடித்தாள். திங்கட்கிழமை மருந்துகளை ஒழித்துப் போடும்போது அந்த மாத்திரை டப்பா கைக்கு வந்தது. குலுக்கிப் பார்த்தாள். என்னப்பா இது, மருந்து டப்பாவுல நட்டு என்று கேட்டாள். அவர் பட்டறையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

'சின்ன வயசுலேர்ந்து நீங்க சொல்ற ஆனாவை வச்சுத்தான்பா நான் எதையும் நம்புவேன்' என்றாள். 'நீங்க ஆனா போட்டா குடை எடுத்துட்டுப் போவேன். போடலைன்னா எடுக்க மாட்டேன். எட்டு வாரமா அதுக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு தடவைகூட நீங்க சொல்லலையே. உங்க வாயிலேர்ந்தே ஆனா வரலைன்னா அம்மாவுக்கு நிஜமாவே சரியாகுதுன்னு நினைச்சுட்டேன்.'

அம்மா ஆசைப்பட்ட படிப்பு என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு பரீட்சையை எழுத அன்று சாயங்காலமே அவள் ரயில் ஏறினாள். பிளாட்பாரத்தில் அப்பாவின் மப்ளரைச் சரியாகச் சுற்றிவிட்டுத்தான் ஏறினாள். அது அவரை இன்னும் வதைத்தது.

சனிக்கிழமை போட்டி. லீவு எடுத்துக்கோங்கண்ணே என்று டீச்சர் எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை, வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எடுத்தார். இரும்புக் கை அன்று ஏழு கட்டைகளை அலமாரியில் ஏற்றியது. முப்பது அணியில் பதினொன்றாவது இடம். திரும்பும் வழியில் பேருந்திலேயே உருப்படி சொன்னார்கள். அவர் முறை வந்தபோது யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது நட்டு, கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த சக்கரத்து நட்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். இது உங்க வண்டியோடது மாமா என்றாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. பரீட்சை நன்றாக எழுதியதாகப் பெண் சொன்னாள். அவரும் சொன்னார். ரோபோ பதினொன்றாவது வந்தது என்றார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம் என்றார். தான் வேளைக்குச் சாப்பிடுவதாகவும், வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லி நிறுத்தினார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தார். வைக்கவில்லை, மூச்சு கேட்டது.

'ஆனா?' என்றாள் அவள்.

அவர் காலிக் கட்டிலைப் பார்த்தார்.

'ஆனா அந்த மெஷினை நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்கம்மா' என்றார். 'நீ ஊருக்குப் போனதிலேர்ந்து நான் அதைப் போட்டேதான் வச்சிருக்கேன்.'