கேமராவுக்கு வாங்கிய பைகள்

போட்டோ பிடிக்கும் தொழிலில் படம் எடுப்பது சின்ன வேலை. எடுத்ததை வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரிய வேலை. ஃபிலிம் காலத்தில் தோளில் பை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் பஸ் ஏறிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் பேச வராது. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்தேன்.

வெளியூர் போகும்போது கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, ஃப்ளாஷ் ஒன்று, பேட்டரி நான்கு, ரோல் ஆறு, ஆகப் பதினான்கு சாமான் எடுத்துப்போவேன். கேமரா உடைந்தால் எப்படியாவது வேறு வாங்கிவிடலாம். எடுத்து முடித்த ரோல் போய்விட்டால், அந்தக் கல்யாணத்துக்கு நான் எங்கே போவது? இந்தப் பயம்தான் என்னை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத் துரத்தியது.

மஞ்சள் பை

முதலில் வைத்திருந்தது மஞ்சள் துணிப்பை. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம், திருட்டும் அதிகம். மஞ்சள் பைக்குள் கேமரா இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைக்க மாட்டான் என்பது என் எண்ணம். ஒரு பழைய துண்டில் எல்லாவற்றையும் சுற்றி உள்ளே வைத்துவிடுவேன். திருடனைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், கல்யாண வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, மண்டப வாசலில் இருந்த மேசை மேல் பையை வைத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். கை கழுவிவிட்டு வந்தால் அந்த மேசையில் தாம்பூலப் பைகளை அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் மஞ்சள் பை. என் பை மட்டும் இல்லை. மண்டபத்தை விட்டுப் போகிறவர் கையிலெல்லாம் ஒரு மஞ்சள் பை. யாரிடம் கேட்பது? பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். கள்ளக்குறிச்சி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தேன். மடிக்கு மடி மஞ்சள் பை. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மடியில் இருந்த பையில் என் துண்டின் நீலக்கரை எட்டிப் பார்த்தது. துண்டைச் சுட்டிக் காட்டினேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அதானே பாத்தேன்! தேங்கா இம்மாங் கனமா கீதே, மாப்ள வூட்டுக்காரங்க தாராளந்தான்னு நெனச்சிக்கினு வந்தேன் தம்பி."

சூட்கேஸ்

அதன்பின் பூட்டுப் போடுகிற கறுப்பு சூட்கேஸ் வாங்கினேன். உள்ளே ஸ்பாஞ்சை வெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் அளவில் ஒரு குழி செய்தேன். குழி காலியாக இருந்தால் சாமான் இல்லை என்று திறந்தவுடனே தெரிந்துவிடும். இதைவிடப் பத்திரம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெட்டியுமாக நடந்து போனேன். ஊருக்குள் நுழைந்தால் ஆள் இல்லை. பந்தலில் வாழை மரம் கட்டியிருக்கிறது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. கிளற ஆள் இல்லை. நாய் மட்டும் குரைக்கிறது. அப்போது வீடுகளின் பின்னாலிருந்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேர் கையிலும் கொடுவாள். யார் என்று கேட்கிறார்கள். கேமராவைக் காட்டினால் போதும் என்று பெட்டியைக் கீழே வைத்துத் திறக்கப் போனேன். பூட்டு 'டக் டக்' என்று அடித்த சத்தத்தில் அவர்கள் இன்னும் கிட்டே வந்துவிட்டார்கள்.

கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்த பிறகுதான் ஒருவர் கொடுவாளைத் தாழ்த்தினார். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். அந்த நாளில் பெட்டியோடு மலையேறுகிறவர் நிலத்தை அளக்கவோ கேஸ் எழுதவோதான் வருவாராம். அவர் கோபமாகத்தான் சொன்னார்:

"போட்டோக்காரருன்னு தூரத்துலயே ஒரு கொரல் குடுக்கறதில்லையா சாமி? பொண்ணே காட்டுக்குள்ள ஓடிப்பூட்ச்சி, இப்ப யாரு தேடறது?"

டியூப் பை

ஐப்பசி மழையில் அந்த சூட்கேஸுக்குள் தண்ணீர் இறங்கியது. ஒரு லென்ஸ் பூஞ்சை பிடித்துப் பூத்துப்போனது. உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய லாரி டியூபை வெட்டி, ஓரமெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற மாதிரியே ஒட்டி, ஒரு பை செய்து கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காட்டினார். ஒரு குமிழி வரவில்லை. சந்தோஷமாக அதோடு மறுபடி மலையேறினேன்.

கல்யாணம் நல்லபடி முடிந்து, மறுநாள் காலை பஸ்ஸில் மலையிறங்கினேன். மடியில் கறுப்பு ரப்பர் பை, புடைத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். முன் சீட்டு அம்மாவும் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். ஏன் என்று புரியவில்லை. மலையிலிருந்து கள்ளச்சாராயம் இறங்குவது லாரி டியூபில்தான். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். பை செய்யச் சொன்னபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். இளையவர் கையில் கூரான இரும்புக் கம்பி. டியூபைக் குத்திப் பார்க்கிற கம்பி அது. நேரே என்னிடம் வந்தார். "எத்தினி லிட்டருய்யா?" என்றார். "ஃபிலிம்" என்றேன், சத்தம் வரவில்லை. கம்பி ஓங்கியதும் பை மேல் குப்புற விழுந்துவிட்டேன். என்னைத் தூக்கி உட்காரவைத்துப் பையைப் பிரித்தார்கள். ஒரு டப்பாவைத் திறந்து ரோலை வெளியே எடுத்தார் இளையவர். கழுவும்போது எளிதாக இருக்கட்டும் என்று ஃபிலிமின் நுனியை ரோலுக்கு வெளியே நாக்கு மாதிரி விட்டுச் சுற்றுவது என் வழக்கம். அதைப் பிடித்து ஒரு முழம் இழுத்துவிட்டார். டப்பாவில் நான் எழுதிய எண் மூன்று. அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போலீஸ்காரர் கையை நான் பிடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். உடம்பெல்லாம் உதறியது. பின்னால் நின்ற ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வுட்டுடுய்யா. சாராயம் கடத்தறவன் எவனும் இம்மாம் பயப்பட மாட்டான்."

மூன்றாம் ரோல்

தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிடக் கூடாது என்று, அதற்குச் சற்று முன்பே புது ரோல் மாட்டுவேன். அந்த ஜாக்கிரதைதான் என்னைக் கெடுத்தது. மூன்றாம் ரோலின் தலைப்பில் இருந்த படங்கள்தாம் வெளிச்சத்தில் போயின. கழுவிப் பார்த்தபோது அந்த இடம் மொத்தமும் கறுப்பு. தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மலையேறினேன். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏடு ஏடாகப் புரட்டி அந்த இடம் வந்தது. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். பயத்தில், "இன்னொரு தரம் கட்டுற மாதிரி நின்னா எடுத்துடலாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார். "கட்டன தாலிய அவுக்கச் சொல்றியா நீ?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள். வாசலுக்கும் எனக்கும் நடுவில் ஏழு பேர். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா கையை உயர்த்தி எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஆல்பத்தை மூடினார். என் பக்கமாகக் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்:

"போட்டோ போனா போவுது சாமி. இழுத்தவன் பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

நிஜமான கேமரா பை

கடைசியில் சென்னைக்குப் போய், கேமராவுக்கென்றே செய்த பையை வாங்கினேன். அறை அறையாகத் தடுப்பு, மூடி மேல் பெரிய வெள்ளை எழுத்தில் கேமராக் கம்பெனி பெயர். படிக்கத் தெரிந்தவன் எவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சாமானையெல்லாம் அதற்கு மாற்றி, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், பையை முதுகுப் பக்கம் விட்டுவிட்டு. எவனோ அடியில் பிளேடு போட்டிருக்கிறான். இறங்கி நடக்கும்போது பை லேசாகத் தெரிந்தது. திரும்பினால், எங்கள் ஊர்க் கருணாபுரத்திலிருந்து கூலி வேலைக்குப் போகிற ஓர் அம்மா, முந்தானையை ஏந்திக்கொண்டு என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார். முந்தானைக்குள் லென்ஸ், பேட்டரி, ரோல்கள். அங்கேயே எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அவர்தான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இன்னாய்யா நீ, முட்ட போடற கோழியாட்டம் வுட்டுக்கினே போற, நானும் எம்மாந் தூரந்தான் பொறுக்கிக்கினே வர்றது?"

எந்தப் பை நல்லது என்று தொழில்காரர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். கேமராவோடு போட்டோக்காரனையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற பை எங்காவது விற்றால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள் என்றுதான் பதில் சொல்கிறேன்.