பெரியப்பாவின் மொட்டைத் தலை

என் பெரியப்பாவுக்குத் தூக்குத் தண்டனை விதித்த தீர்ப்பை எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். படித்தேன் என்பது கொஞ்சம் மிகை. அது இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாவது வகுப்பில் இருந்தேன். வாத்தியார் ஆசைக்குச் சொல்லிக்கொடுத்த ஏ, பி, சி, டி மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் எந்த மொழிக்காகவும் பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. ஆகவே அப்பா அந்தத் தாள்களை என் முன்னால் வைத்து, “என்னா போட்டிருக்குது, பாரு கண்ணு” என்றார். முதல் வரியை எழுத்து எழுத்தாக உரக்கச் சொன்னேன். அப்பா மரியாதையோடு தலையாட்டிக் கேட்டார். வரி முடிந்ததும், “தூக்குன்னு எங்க இருக்குது?” என்றார். அது இன்னும் வரவில்லை என்றேன்.

ஐம்பதுகளின் நடுவில், தளிக்குப் பக்கத்தில் மைசூர் எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் நடந்தது இது. தாத்தாவும் அவர் தம்பியும் நிலத்தை வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். ஏரிக்குக் கீழே இருந்த வயலுக்கு ஒரு இலுப்பை மரம் எல்லை. மரம் நின்றவரை தகராறு இல்லை. ஒரு மழைக்காலத்தில் அது வேரோடு சாய்ந்தது. விறகை இரண்டு வீடும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. மரம் நின்ற இடம் எது என்பதில்தான் பிரச்சினை வந்தது. இரண்டு வருஷம் பேச்சாகவும் ஏச்சாகவும் போனது. பிறகு ஒரு காலையில், எங்கள் பாகம் என்று பெரியப்பா சொல்லிவந்த இடத்தில் தாத்தாவின் தம்பி மகனான பங்காளி வீட்டுச் சின்னப்பாவும் அவருடைய தம்பியும் ஏர் பூட்டினார்கள். பெரியப்பா கையில் அரிவாள் இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் அந்த உழவுசாலிலேயே விழுந்தார்கள்.

பெரியப்பா வயலிலிருந்து அப்படியே நடந்து மைசூர் எல்லையைத் தாண்டிவிட்டார். ஆனேக்கல் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அது வேறு ராஜ்ஜியம், வேறு போலீஸ். அங்கேயே இருந்திருந்தால் கன்னடம் பேசிக்கொண்டு, இன்னொருவர் தோட்டத்தில் ராகி அறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

ஆனால் காரியத்தன்று அவர் திரும்பி வந்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பங்காளிகளில் யார் செத்தாலும், பெரியவரோ சின்னவரோ, எல்லா ஆண்களும் மொட்டை அடித்து மீசை எடுக்க வேண்டும். வகையறாவில் மூத்தவர் தலையில்தான் முதலில் கத்தி படும். அது படாமல் மற்றவர்கள் உட்காரக் கூடாது. அவர்கள் உட்காராமல் செத்தவர்களுக்குக் காரியம் ஆகாது. தாத்தாக்கள் போனபின் வகையறாவுக்கு மூத்தவர் பெரியப்பாதான்.

அன்று காலை ஏரிக்கரையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இரண்டு வீட்டு ஆண்களும் தள்ளித் தள்ளி நின்றார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டினார், மறுபடியும் தீட்டினார். வெயில் ஏறியது. அப்பாவை முதலில் உட்காரச் சொல்லலாமா என்று யாரோ தொடங்கும்போது, கரையின் அந்தக் கோடியில் பெரியப்பா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து பலகையில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்தினார். நாவிதர் கத்தியை வைத்தார். அவருக்கு அடுத்து அப்பா. அதற்கப்புறம், செத்த சின்னப்பாவின் மகன். அவனுக்கு அப்போது நாலு வயது இருக்கும். கத்தியைக் கண்டு கத்தினான். எல்லோரும் ஏரியில் முழுகி எழுந்தபோது கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். பெரியப்பா ஈரத் துண்டோடு கைகளை நீட்டினார்.

போலீஸ் எழுதிய கதை வேறு. குற்றவாளி ஆளடையாளம் தெரியாதிருக்கத் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு மைசூர் ராஜ்ஜியத்துக்குத் தப்பிப் போனபோது ஆனேக்கல் ரோட்டில் விரட்டிப் பிடித்தோம் என்று எழுதினார்கள். வந்தவரைப் போனவராக்கிவிட்டார்கள். சேலம் கோர்ட்டில் நாவிதரைக் கூண்டில் ஏற்றி, நீதானே மொட்டை அடித்தாய் என்று கேட்டார்கள். ஆமாம் சாமி என்றார். மீசையையும் எடுத்தாயா என்றார்கள். எடுத்தேன் சாமி என்றார். அவரிடம் கேட்டது அவ்வளவுதான், அவர் சொன்னதும் அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு அங்கே வாதாடிய வக்கீல், ஜட்ஜு என்ன கேட்டாலும் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லும்படி சொல்லியிருந்தார். ஏன் தலையை மழித்தாய் என்று ஜட்ஜு கேட்டபோதும் பெரியப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொன்னார்.

அப்பீலுக்காக அப்பா கிருஷ்ணகிரியில் வேறு வக்கீலைப் பிடித்தார். என்னையும் கூட்டிப்போனார், படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஒரு பலம் என்று நினைத்திருக்க வேண்டும். வக்கீல் தீர்ப்பைப் புரட்டிவிட்டு, மொட்டைதான் உங்க அண்ணனை மாட்டிவிட்டது, அதை எதற்காக அடித்துக்கொண்டார் என்று அலுப்போடு கேட்டார். அப்பா சாதாரணமாக விஷயத்தைச் சொன்னார். வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

“இதை ஏன்யா சேலத்துல சொல்லல?”

அப்பாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. “இதப் போய் சொல்லணுங்களா? ஜட்ஜு ஐயாவுக்கும் பங்காளிங்க இருப்பாங்க இல்ல?”

வக்கீல் மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு விளக்கினார். பெரியப்பா வெட்டவில்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓடிப்போனவரா, ஓடிய இடத்திலிருந்து காரியத்துக்காகத் திரும்பி வந்தவரா என்பதில் கயிறு கழுத்துக்கு வருவதும் வராததும் இருக்கிறது. நீங்கள் சொன்னால் தம்பி சொல்கிறான் என்பார்கள். ஊர்க்காரர்கள் போலீஸுக்கு எதிராக வாய் திறக்க மாட்டார்கள். செத்தவன் வீட்டு ஆள் ஒருவர் சொன்னால், அந்தச் சாட்சியை எடுக்கும்படி ஐகோர்ட்டைக் கேட்கலாம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றார். அங்கே பெரியவர் என்று இருந்தது செத்த சின்னப்பாவின் பெண்டாட்டி, எங்கள் சின்னம்மா ஒருத்திதான்.

கொலைக்குப் பிறகு இரண்டு வீடுகளுக்கும் பேச்சு கிடையாது. ஆனால் கிணறு ஒன்றுதான். அவர்கள் வரும் நேரத்தில் நாங்கள் போவதில்லை, நாங்கள் போகும் நேரத்தில் அவர்கள் வருவதில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல அது. வக்கீலைப் பார்த்துவந்த மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சின்னம்மாவின் நேரத்துக்குக் கிணற்றுக்குப் போனாள். குடத்தை நிரப்பாமல் ஓரமாக நின்றாள்.

சின்னம்மா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

“என்னாக்கா, மிச்சம் யாராச்சும் இருக்கறாங்களான்னு பாக்க வந்தியா?”

அம்மா வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னாள். கெஞ்சவில்லை, அழவுமில்லை. சொல்லி முடித்ததும், “நெசத்த சொல்லுன்னுதான் கேக்கறேன். சொல்லாட்டியும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள்.

சின்னம்மா மகனை இறக்கிவிட்டாள். கயிற்றை உருளையில் போட்டுத் தண்ணீர் இழுத்தாள். ஒரு குடத்தை நிரப்பினாள்.

“அன்னிக்கி அவுரு வருலேன்னா எங்கூட்டுக்காரருக்குக் காரியமே ஆயிருக்காது. அந்தக் கரையில நின்னுக்கினு, வருவாரா வரமாட்டாரான்னு நானும்தான் பாத்தேன். வெட்டுனவன் வரணுமேன்னு எந்தப் பொம்பளையாச்சும் காத்திருப்பாளா? நான் காத்திருந்தேன்.”

சின்னம்மா கயிற்றைச் சுருட்டினாள்.

“நான் சொல்றேன்க்கா. அவுருக்காக இல்ல. அவுரத் தூக்குல போட்டா அதுவும் பங்காளிச் சாவுதான். எம்புள்ள போயி உக்காரணும். அப்பன வெட்டுனவனுக்குத் தலயக் குடுக்கணும். இப்பத்தான் இதுக்கு முடி மொளச்சி வருது.”

அவன் தலையில் ஒரு விரல் உயரத்துக்கு முடி நின்றது. அவள் அதைத் தடவிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். ஐகோர்ட்டு உத்தரவு போட்டு, கிருஷ்ணகிரி மாஜிஸ்திரேட் அவளுடைய சாட்சியத்தை எழுதி அனுப்பினார். அவள் ஒரு பஸ்ஸில் போனாள், அப்பா அடுத்த பஸ்ஸில் போனார். ஐகோர்ட்டில் வாதாடிய பட்டணத்து வக்கீலுக்காக ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் பாக வயலையே அப்பா விற்றார். ராயக்கோட்டைக்காரர் ஒருவர் வாங்கினார். இலுப்பை மரம் எங்கே நின்றது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நாற்று நட எங்கள் அம்மாவும் கூலிக்குப் போனாள், சின்னம்மாவும் போனாள்.

ஐகோர்ட்டுத் தீர்ப்பை இப்போது என்னால் தடையில்லாமல் படிக்க முடியும். பலமுறை படித்திருக்கிறேன். குற்றவாளி தப்பி ஓடியவர் அல்ல, மரித்தவர்களுக்குச் சடங்கு செய்யத் தாமாகவே திரும்பியவர் என்று சாட்சியத்திலிருந்து தெரிகிறது என்கிறார்கள். கொல்லப்பட்டவரின் மனைவியே அதைச் சொல்வதால் நம்பாமலிருக்கக் காரணமில்லை என்கிறார்கள். அவள் அதை ஏன் சொன்னாள் என்று அவர்களும் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தை ‘எளிய கிராமத்தாரின் விசித்திரப் பழக்கம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

தூக்கு ரத்தான செய்தியை வக்கீல் குமாஸ்தா ஒரு மத்தியானம் வந்து சொன்னார். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டத் தொடங்கினாள். யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. குமாஸ்தா சொன்ன சொற்கள் எனக்கு அப்படியே மனப்பாடமாகியிருந்தன. அவற்றைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஊரில் நான் ஒருத்திதான் என்ற நினைப்போடு நேரே சின்னம்மா வீட்டுக்குப் போனேன்.

சின்னம்மா வாசலில் உட்கார்ந்து மகனை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முடி நன்றாக வளர்ந்து காதை மூடியிருந்தது. மரண தண்டனை ரத்து செய்யப்பட்டு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது என்று வகுப்பில் ஒப்பிப்பதுபோல் நின்று சொன்னேன்.

“அப்பிடின்னா?”

பெரியப்பாவைத் தூக்கில் போட மாட்டார்கள், ஜெயிலிலேயே இருப்பார் என்றேன்.

“சோறு போடுவாங்களா?”

போடுவார்கள் என்றேன்.

“சாவுற வரைக்குமா?”

“ஆமா சின்னம்மா. சாவுற வரைக்கும்.”

அவள் சரி என்றாள். அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து மறுபடியும் வாரத் தொடங்கினாள். சிக்கே இல்லாத முடியில் சீப்பை அழுத்தி அழுத்தி இழுத்தாள். அவன் வலிக்குது வலிக்குது என்று அழுதான், அவள் நிறுத்தவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சின்னம்மா வாருகிற வாரைப் பார்த்தால் அந்த வீட்டுப் பையனுக்குத் தலையெல்லாம் பேன் போலிருக்கிறது, இனி அவனோடு ஒட்டி விளையாடப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.