பத்துப் பேரும் நன்றாக இருந்தது என்றார்கள்

2009 நவம்பர். பாங்காக்கிலிருந்து வந்த விமானம் யாங்கூனில் இறங்கியபோது மாலை ஐந்தே கால். கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளினேன். என்னிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணி, மற்றதில் பதினான்கு கிலோ மூலிகைப் பொடி. சுங்கத்தில் இருந்தவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்து பார்த்தார், நான்காவதில் தும்மினார், சிரித்தபடி போகச் சொல்லிவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் ஓர் எண்ணெய்ச் சிகிச்சை நிலையத்தில் பெண்கள் பகுதியைப் பதினேழு வருஷம் பார்த்தவள் நான். சொந்தமாக ஒன்று தொடங்க ஆசை. ஆனால் குற்றாலத்தில் தடுக்கி விழுந்தால் எண்ணெய்க் குளியல் நிலையம்தான். ஆப்பிரிக்காவில், தார் எஸ் சலாமில் வேலை பார்க்கும் என் தம்பி, "இங்க வாக்கா, ஹோட்டல்காரங்களே கேட்டு வருவாங்க" என்று இரண்டு வருஷமாக நச்சரித்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டோம். அந்த நேரத்தில் தின்தின்னிடமிருந்து கடிதம் வந்தது. தாத்தா வழியில் தமிழ், அம்மா வழியில் பர்மியப் பெண். கயாவுக்கு யாத்திரை வந்தவள், முதுகுவலியோடு குற்றாலம் வந்து என் கையில் பத்து நாள் சிகிச்சை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனாள். யாங்கூனில் தன் வீட்டுக் கீழ்த்தளம் காலியாக இருக்கிறது, உரிமம் தன் பெயரில் எடுக்கலாம், வாருங்கள் என்று எழுதியிருந்தாள். ஆப்பிரிக்காவில் பாஷையும் தெரியாது, மனுஷரும் தெரியாது. ரங்கூனில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வீட்டில் வாதாடி ஜெயித்தேன். அப்படிப் பேசிய வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலப் பிற்பாடு இருந்தது.

ஊரில் என் வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் இதுதான். விசா இருபத்தெட்டு நாள். பத்துப் பெண்களை அழைத்து, இலவசமாகச் சிகிச்சை தருவேன். அவர்களில் ஐந்து பேராவது தாங்களாகவே மறுபடி வந்தால், அவர் மில் வேலையை விடுவார், மகள் மீனாவுக்குப் பள்ளியில் டி.சி. வாங்குவார், வீட்டைக் காலி செய்துகொண்டு மூவரும் இங்கே குடிவருவோம். இல்லையென்றால் நான் திரும்பிப் போய், வாயை மூடிக்கொண்டு பழைய வேலையைப் பார்ப்பேன்.

மாலை ஆறே கால். தின்தின் அனுப்பியிருந்த டாக்சி பழைய டொயோட்டா. கால் வைக்கும் இடத்தில் ஓட்டை, சாலை ஓடுவது தெரிந்தது. ஓட்டுநர் காசிம் பாய், ஐம்பது வயதுக்காரர், இங்கேயே பிறந்தவர். மிங்கலா தாங்ஞுன்ட் வரை பதினைந்து கிலோமீட்டர், ஏழாயிரம் கியாட்.

"என்னா தொழிலு தங்கச்சி?"

"எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறது, பாய். மஸாஜ் மாதிரி."

"மஸாஜுன்னு மட்டும் போர்டு போட்றாதீங்க. இங்கிட்டு அதுக்கு அர்த்தம் வேற." சற்றுத் தூரம் போனதும், "எண்ணெய்னும் போட வேணாம். எண்ணெய் வெச்சா சளி புடிக்கும்னு பயப்படுவாங்க" என்றார்.

"அப்ப என்னத்த போடறது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்" என்றார். வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். மரக்கட்டில் ஒன்று, கரியடுப்பு ஒன்று, தலையணை இரண்டு. மின்சாரம் வரும்போது வரும். அதனால் வெந்நீர், எண்ணெய் எல்லாம் கரியில்தான். நல்லெண்ணெய்க்குக் குறைவில்லை, இந்த ஊர் எள் அருமையான எள். முதலில் வந்தவர் டாவ் மியா, அறுபது வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தின்தின்னுக்குப் பாடம் சொன்னவர். லுங்கியை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு படுத்தார். குற்றாலத்தில் செய்வதுபோலவே செய்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, பாதத்தில் தொடங்கி மேலே வந்து, அந்தத் தலையணையை உருவித் தலைக்கு வைத்து, கடைசியில் உச்சியில் எண்ணெய். ஒன்றேகால் மணி நேரம். எழுந்தவர் புன்னகையோடு "கவுங்டெ" என்றார். நன்றாக இருந்தது என்று அர்த்தம். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பினார்.

பத்துப் பேருமே "கவுங்டெ" என்றார்கள். பத்துப் பேருமே ஏதாவது கொடுத்தனுப்பினார்கள். பம்ப்ளிமாஸ், லஹ்பெ என்கிற ஊறவைத்த தேயிலை, மீன் கருவாடு. காசிம் பாயின் மனைவி ஒரு டப்பா நிறைய பிஸ்கட். கட்டிலைச் சுற்றிக் கோயில் பிரசாதக் கடை மாதிரி ஆகிவிட்டது. மறுபடி வந்தவர் மட்டும் ஒருவரும் இல்லை.

பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினான்காம் நாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து கரி மூட்டுவேன். ஒன்பது மணிக்கு அணைப்பேன். தெருவில் பார்த்தால் அந்தப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். கோபம் இருந்தால் முகம் காட்டிக் கொடுக்குமே, அதுவும் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தின்தின், உண்மையச் சொல்லு. நான் செய்யறது பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு சயாமா." அம்மா, டீச்சர், டாக்டர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

"பின்ன ஏன் யாரும் வரல?"

"வேல இருக்கும்."

"பத்து பேருக்குமா?"

"பத்து பேருக்கும் வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பம்ப்ளிமாஸ் உரித்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்ய?

பதினேழாம் நாள் டாவ் மியா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் வீடு க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி. பஸ்ஸில் ஆளுக்கு இருநூறு கியாட், நாற்பது நிமிடம், நின்றுகொண்டேதான் போனோம். சந்தையில் தலைச்சுமையாய் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்பு, புளிச்சகீரை, சோறு. எனக்குக் காரம் போதாதென்று தனியாக மிளகாய் வறுத்து வைத்திருந்தார். மதியம் ஒன்றரை மணிக்கு வெயில் ஏறியதும் பாய் விரித்து, தலையணை கொடுத்து, படுங்கள் என்று கைகாட்டினார்.

பஸ்ஸில் நின்று வந்ததில் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பழக்கதோஷத்தில் தலையணையை எடுத்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு கையை மடக்கித் தலைக்குக் கொடுத்தேன்.

டாவ் மியா எழுந்து உள்ளே போனார். ஒரு போர்வையை நாலாக மடித்துக்கொண்டு வந்தார். என் காலை மெதுவாகத் தூக்கி, தலையணையை எடுத்துவிட்டுப் போர்வையை வைத்தார். உறையைக் கழற்றிவிட்டு, தலையணையைச் சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தின்தின் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பிடித்தேன் அவளை.

"தலைக்கு வெக்கிறத கால்ல வெக்கக் கூடாது சயாமா. கால் தொட்ட கை தலையத் தொடவும் கூடாது. தலைங்கிறது..." வார்த்தை கிடைக்காமல் தன் உச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

"பத்து பேருக்கும் அப்படித்தானே செஞ்சேன்?"

"ஆமா."

"குற்றாலத்துல உனக்கும் பத்து நாள் அதானே செஞ்சேன்?"

"ஆமா. தினம் ரூமுக்குப் போயி தலை குளிச்சேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"ஆனாடெ சயாமா. சொன்னா உங்க மனசு நோவும்ல." ஆனாடெ என்றால் என்ன என்று அன்று இரவு காசிம் பாயிடம் கேட்டேன். "அடுத்தவங்க மனசு சங்கடப்படுமேன்னு நம்ம சங்கடத்த முழுங்கிக்கிறது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. பதினேழு வருஷத் தொழில்காரி, பத்துத் தலையை அவமதித்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலுக்குப் பச்சை உறையில் சின்ன மெத்தை தைத்தேன். தலைக்கு வெள்ளை உறை. முதலில் தலை, கடைசியில் பாதம் என்று முறையையே தலைகீழாக்கினேன். இருபதாம் நாளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒருவர், இருவர். இருபத்துமூன்றாம் நாள் எண்ணினால் ஆறு பேர். ஆறு. ஒப்பந்தம் ஐந்துதான். அன்று கரியடுப்பு முன்னால் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன்.

இருபத்துநான்காம் நாள் எண்ணெய் வாங்க காசிம் பாயின் வண்டியில் போனேன். "உங்க வீட்டம்மாவும் திரும்ப வந்தாங்க பாய்" என்றேன் பெருமையாக.

"வராம? தின்தின்னு வீடு வீடா வந்து, சயாமா அழுவுறாங்க, ஒரு தடவ வந்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டுப் போச்சே."

போச்சு. வந்த ஆறு பேரும் எண்ணெய்க்காக வந்தார்களா, எனக்காகப் பாவப்பட்டு வந்தார்களா? கேட்டால் கவுங்டெ என்பார்கள். பழம் கொடுப்பார்கள். இந்தச் சிரிப்பில் எது சிரிப்பு என்று கண்டுபிடிக்க எந்தக் குற்றாலத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒருவருடைய வேலையை விடச் சொல்ல வேண்டும், ஒரு குழந்தையின் படிப்பை நடுவில் பெயர்த்தெடுக்க வேண்டும். கையில் இருப்பதோ ஆறு மரியாதைகள்.

இருபத்தாறாம் நாள் காலை எட்டு மணிக்கு டாவ் மியா வந்தார். அவரை நான் எதிர்பார்க்கவில்லை. தின்தின்னைத் தனியே இழுத்து, "இவங்ககிட்டயும் போய்ச் சொன்னியா?" என்றேன்.

"இல்ல சயாமா. அந்தத் தலையணைக்குப் பிறகு அவங்க வீட்டுக்குப் போக எனக்கு வெக்கம்."

இந்த முறை கையில் பழம் இல்லை. லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவராகவே படுத்தார். வெள்ளைத் தலையணையைத் தட்டிப் பார்த்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். தலை முடிந்தது, தோள் முடிந்தது. முதுகுக்கு வந்தபோது சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, வேகமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல சயாமா."

"சொல்லுடி."

"உங்க கை முரடாம். மாடு தேய்க்கிற மாதிரி இருக்காம். எண்ணெயும் ஆறிப்போச்சாம். போன தடவையும் ஆறித்தான் இருந்துச்சாம்."

நான் எண்ணெயை மறுபடி சூடாக்கினேன். கையைத் தளர்த்தினேன். அவர் மேலும் இரண்டு தடவை திட்டினார். இடுப்பில் இன்னும் அழுத்து, அங்கே இல்லை, இங்கே. முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்த புதன்கிழமை வருகிறேன் என்றார். சயாமா செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போகிறார் என்று தின்தின் சொன்னாள். டாவ் மியா முகம் சுளித்தார். வந்ததும் ஆள் அனுப்பச் சொல், அதுவரை என் இடுப்புக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டுப் போனார்.

குற்றாலத்தில் பெண்கள் கட்டிலில் சாயும்போதே குறை சொல்லத் தொடங்குவார்கள். எண்ணெய் நாறுகிறது, தண்ணீர் சூடு போதாது, போன வருஷம் இருந்த அக்கா நன்றாகச் செய்வாள். பதினேழு வருஷம் அதைக் கேட்டு எரிச்சல் பட்டிருக்கிறேன். அவர்கள் அதைத் தங்கள் இடமாக நினைத்துத்தான் சொன்னார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இருபத்தேழாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தந்தி அலுவலகத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். நிமிடத்துக்கு மூன்று டாலர்.

"அஞ்சு பேர் வந்தாங்களா, செல்வி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆறு பேர் வந்தாங்க. அத விடுங்க, அது சேத்தி இல்ல."

"பின்ன?"

"ஏழாவதா ஒரு அம்மா தானா வந்தாங்க. என் கை முரடுன்னு திட்டிட்டுப் போனாங்க."

"ஒண்ணும் விளங்கலையே. திட்டினா நல்லதா, கெட்டதா?"

"மீனாவுக்கு டி.சி. வாங்கிருங்க."

"நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியல. வாங்கிருங்க" என்றேன்.